அரபிக்கடலின் 10 கோடி டன் விளக்குமீன்: கணக்கு சரியா, மீன் எப்படி மூச்சுவிடுகிறது?

#1 நீலத்திரை

பெந்தோசீமா டெரோட்டம் என்ற, உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட சின்ன விளக்குமீனைப் பற்றித் தமிழில் எங்கே தேடினாலும் இரண்டே வரிதான் கிடைக்கிறது. "அரபிக்கடலில் 10 கோடி டன் இருக்கிறது. பகலில் ஆழத்தில், இரவில் மேலே." நான்கைந்து சென்டிமீட்டர் மீன், ஒரு கிராம் எடை. ஒரு டன்னுக்கே 10 லட்சம் மீன் வேண்டும். அப்படியிருக்க 10 கோடி டன் என்று யார், எதை வைத்து எடை போட்டார்கள்?

இன்னும் இரண்டு சந்தேகம். ஓமான் வளைகுடாவில் இது பகலில் 250, 300 மீட்டரில் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். அரபிக்கடலில் அந்த ஆழம் ஆக்சிஜன் ஏறக்குறைய தீர்ந்துபோன நீர். செவுள் வைத்த மீன் அங்கே 12 மணி நேரம் எப்படித் தாங்குகிறது? கடைசியாக, கொல்லம் பக்கம் ஆழ்கடல் இறால் வலையில் கழிசலோடு வரும் விளக்குமீனும் இதுவும் ஒன்றா?

#2 செவுள்வாசி

ஆக்சிஜனை முதலில் எடுக்கிறேன். மற்ற எல்லாமே அதில்தான் தொங்குகிறது.

வடக்கு அரபிக்கடலின் மேல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 4.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். 100, 150 மீட்டர் தாண்டியதும் அது படிக்கட்டில் உருண்டது போலச் சரிந்து 0.5க்குக் கீழே போய்விடும். அதற்கும் கீழே பெரும்பகுதி 0.1 மில்லிலிட்டர்கூட இல்லை. மைக்ரோமோலில் சொன்னால் லிட்டருக்கு 4.5க்கும் குறைவு. இந்தப் பற்றாக்குறை 1,000 மீட்டரையும் தாண்டிப் போகிறது. காரணம் சிக்கலானதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று ஓமான், சோமாலியா கரைகளில் அடிநீரை மேலே இழுக்கிறது. சத்து மேலே வந்ததும் நுண்பாசி பெருகுகிறது. அது செத்து இறங்கும்போது பாக்டீரியா அதை மக்கவைத்தே ஆக்சிஜனைத் தின்று தீர்க்கிறது. வடக்கே நிலம் அடைத்துக்கொண்டிருப்பதால் குளிர்ந்த புதுநீர் அந்தப் பக்கத்திலிருந்து வர வழியில்லை.

ஓமான் வளைகுடாவில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். பாரசீக வளைகுடாவின் உவர்நீர் ஹோர்முஸ் வழியே வழிந்து 200, 300 மீட்டர் வாக்கில் பரவுகிறது. அதனால் ஆக்சிஜன் வரைகோட்டில் அந்த ஆழத்தில் சின்னதாக ஒரு மேடு தெரியும். சென்சார் கோளாறு என்று அதை அழித்துவிடாதீர்கள். உப்பளவும் கூடவே ஏறியிருந்தால் அது நிஜம்.

மீன் பிழைக்கும் விதத்தைச் செலவு, வரவு என்று பிரித்துப் பார்க்கலாம். செலவைக் குறைப்பது முதல் வேலை. மேலே 26, 28 டிகிரி. 300 மீட்டரில் 15, 16. பத்து டிகிரி குறைந்தால் குளிர்ரத்தப் பிராணியின் மூச்சுத் தேவை ஏறக்குறைய பாதியாகும். அதோடு நீந்துவதையும் நிறுத்திவிடுகிறது. 1960களிலேயே ஆழ்மூழ்கு கலங்களிலிருந்து பார்த்தவர்கள், விளக்குமீன்கள் பகலில் தலை மேலாகவோ கீழாகவோ செங்குத்தாக அசையாமல் தொங்குவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வரவு போதாத நேரத்தில் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து ஓட்டுகிறது. ஆக்சிஜன் குறைந்த அடுக்குகளில் வாழும் விளக்குமீன்களின் தசையில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதி நிறையக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. லாக்டிக் அமிலத்தைச் சேர்த்து வைக்காமல் எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றும் வழி அது. தொட்டியில் வளர்க்கும் தங்கமீனிடமும் இதே தந்திரம் உண்டு. பட்ட கடனை இரவில் மேலே வந்து அடைக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு அங்கே ஏன் போக வேண்டும்? சூரை வர முடியாத இடம் அது. சூரை வகைகளில் ஒன்றான ஸ்கிப்ஜாக், ஆக்சிஜன் 3.5 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் நெடுநேரம் தங்காது. மூச்சுமுட்டும் நீர்தான் இந்த மீனுக்குக் கோட்டை. ஒரே ஓட்டை, ஸ்தெனோட்யூதிஸ் கணவாய். அது உள்ளே நுழையும், இரவில் மேலேயும் காத்திருக்கும்.

#3 ஒளிக்கோடு

செவுள்வாசி சொன்ன கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆக்சிஜன் இல்லாத நீரை இந்த மீன் தேடிப் போவது போல எழுதியிருக்கிறீர்கள். அது தேடிப் போவது இருட்டை. அரபிக்கடலில் இருட்டும் ஆக்சிஜன் பஞ்சமும் ஒரே ஆழத்தில் அமைந்துவிட்டன, அவ்வளவுதான்.

இதற்குச் செங்கடலே சாட்சி. அதே இனம் அங்கேயும் இருக்கிறது. அரபிக்கடல் அளவுக்கு மோசமான பஞ்சம் அங்கே கிடையாது. ஆனால் பகலில் 500 முதல் 750 மீட்டர் வரை இறங்கிவிடுகிறது. நீர் அவ்வளவு தெளிவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள் (எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை). கலங்கலான நீரில் நீலஒளி மீட்டருக்கு 0.06 என்ற கெழுவில் மங்கினால் 300 மீட்டரில் பெருக்கம் 18. தெளிந்த நீரில் 0.03 என்றால் அதே 18ஐத் தொட 600 மீட்டர் இறங்க வேண்டும். வெளிச்சம் அடுக்குக்குறியாக (e இன் மைனஸ் 18 அடுக்கு) மங்குவதால் இரண்டு இடத்திலும் மேல்வெளிச்சத்தில் 10 கோடியில் ஒன்றிரண்டு பங்குதான் மிச்சம். மீனின் கண்ணுக்கு இரண்டும் ஒரே இடம். நிலா வெளிச்ச இரவில் கூட்டம் முழுசாக மேலே வராமல் தயங்குவதும் இதே காரணத்தால்தான். ஆழத்தை மீட்டரில் கேட்பதைவிட வெளிச்சத்தில் கேட்பது சரி.

செங்கடலில் இன்னொரு விசித்திரம். அங்கே 700 மீட்டரிலும் 21.5 டிகிரிதான், உப்பு 40க்கு மேல். குளிர் கொடுக்கும் சிக்கனம் அங்கே இல்லை. மேலே வந்து இரவில் தின்றது சீக்கிரமே செரித்துவிடுவதால், பகலில் பிடித்த மீனின் வயிறு காலியாக இருக்கும். கீழேயே தங்கிவிட்டால் கட்டுப்படியாகாது என்பதால் மொத்தக் கூட்டமும் தினமும் மேலே வருகிறது. நார்வேக் குளிரில் இருக்கும் இதன் சொந்தக்காரன் பெந்தோசீமா கிளேசியேல் அப்படியல்ல. அதில் ஒரு பகுதி நாள்கணக்கில் கீழேயே கிடந்துவிடும்.

#4 செவுள்வாசி

ஏற்கிறேன். "தேடிப் போகிறது" என்பதை "போன இடத்தில் ஆதாயம் கிடைக்கிறது" என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: இருட்டு மட்டுமே காரணம் என்றால், 0.1 மில்லிலிட்டரைத் தாங்க முடியாத மற்ற சிறு மீன்களும் அங்கே இறங்கிச் செத்திருக்கும். அங்கே வாழ முடிவதால்தான் இந்த இனம் அந்தக் கடலில் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இத்தனை பெருகியிருக்கிறது. இருட்டுதான் வாசலைத் திறந்தது. உள்ளே குடியிருக்க உடம்பு வேண்டும்.

#5 எதிரொலி38

10 கோடி டன் கேள்விக்கு வருகிறேன். பதில் கொஞ்சம் நீளும்.

அந்த எண் நார்வேயின் டாக்டர் ஃப்ரிட்யாஃப் நான்சன் கப்பல் 1975இல் தொடங்கி அரபிக்கடலில் நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்தது. எடை யாரும் போடவில்லை. எக்கோ சவுண்டர் ஒலி அனுப்பியது, திரும்பி வந்த எதிரொலியைக் கூட்டினார்கள், ஒரு மீன் எவ்வளவு எதிரொலி தரும் என்ற எண்ணால் வகுத்தார்கள், பரப்பால் பெருக்கினார்கள். வகுக்கும் அந்த எண்ணில்தான் எல்லா வம்பும். அது டெசிபல் அளவில் இருக்கிறது. 3 டெசிபல் தவறினால் விடை இரண்டு மடங்கு மாறும். 10 டெசிபல் தவறினால் பத்து மடங்கு. 10 கோடியா, 1 கோடியா என்பது ஒரு மீனின் காற்றுப்பை அளவில் நாம் செய்யும் பிழைக்குள் அடக்கம்.

காற்றுப்பைக் கணக்கைச் செய்தே காட்டுகிறேன். கடல் மீன் மிதந்து நிற்க உடல் கனஅளவில் ஏறக்குறைய 5 சதவீதம் காற்று வேண்டும். ஒரு கிராம் மீனுக்கு 0.05 மில்லிலிட்டர். உருண்டையாக வைத்தால் ஆரம் 2.3 மில்லிமீட்டர். குமிழி மிகப் பலமாக எதிரொலிக்கும் அதிர்வெண்ணுக்கான, அதாவது ஒத்ததிர்வுக்கான சூத்திரம்: 3.26ஐ மீட்டரில் சொன்ன ஆரத்தால் வகுத்து, வளிமண்டலக் கணக்கில் உள்ள அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கு. 300 மீட்டரில் அழுத்தம் 31, வர்க்கமூலம் 5.6. விடை ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸ். இப்போது ஆரம் அரை மில்லிமீட்டர் உள்ள ஒரு குமிழியை எடுங்கள். குஞ்சு மீனாக இருக்கலாம், ஜெல்லி வகையான சைஃபோனோஃபோரின் மிதவையாகவும் இருக்கலாம். அதே ஆழத்தில் 36 கிலோஹெர்ட்ஸ். எல்லாரும் பயன்படுத்தும் எக்கோ சவுண்டர் 38 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒரு பொடிக் குமிழி தன் தகுதிக்கு மீறி ஆளுயரத்துக்குக் கத்தும். திரையில் அடர்த்தியாகத் தெரியும் பட்டையை முழுசாக "மீன்" என்று எழுதினால் எடை ஊதிப்போகும்.

மறுபக்கமும் உண்டு. வயதாக ஆக சில விளக்குமீன் இனங்களில் காற்றுப்பை சுருங்கிக் கொழுப்பால் நிரம்பும். அந்தப் பெரிய மீன்கள் எக்கோவில் மங்கிவிடும், எடை குறைந்து வரும்.

வலை வைத்துச் சரிபார்க்கலாமே என்பீர்கள். நார்வேயின் மாஸ்ஃபியோர்டில் கார்ட்வெட் குழு 2012இல் வெளியிட்ட வேலையைப் பாருங்கள். எக்கோ சவுண்டரையே ஆழத்தில் இறக்கி, வலை வரும்போது பெந்தோசீமா கிளேசியேல் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். வலை வருமுன்னே ஒதுங்கிவிடுகிறது. ஆக வலைக்கணக்கு எப்போதும் குறைத்தே சொல்லும். உலகம் முழுவதுக்கும் 1980இல் சொல்லப்பட்ட 100 கோடி டன், 2014இல் ஸ்பெயினின் மலஸ்பினா ஆய்வுப் பயணத்தின் எக்கோ தரவால் 1,000 கோடியானது இப்படித்தான். 2019இல் காற்றுப்பை, சைஃபோனோஃபோர் பிழைகளைச் சேர்த்துப் பார்த்தபோது விடை 180 கோடிக்கும் 1,600 கோடிக்கும் இடையில் எங்கேயோ என்று வந்தது. ஒன்பது மடங்கு அகலம்!

என் கருத்து: 10 கோடி டன்னை எதிரொலியின் அளவாக வைத்துக்கொள்ளலாம். மீனின் எடையாக எழுதி முதலீட்டுத் திட்டம் போடுவது தப்பு.

#6 மடிவலை

கணக்கு நல்லா இருக்கு. ஆனா நான்சன் கப்பல் வலையும் போட்டுத்தானே பார்த்தாங்க? ஓமான் வளைகுடாவுல மடி நிறைய இதே இனம் வந்ததாத்தான் எல்லா அறிக்கையிலும் இருக்கு. குமிழின்னு தள்ளிட முடியாது.

#7 எதிரொலி38

தள்ளவில்லை. ஓமான் வளைகுடாவில் பட்டையில் இருப்பது பெரும்பாலும் இந்த மீன்தான், அதில் சந்தேகம் கிடையாது. கண்டச்சரிவை ஒட்டி வாழும் இனம் இது. நடுக்கடல் மீன் அல்ல. சரிவோரத்தில் அடர்த்தி அதிகம், விலக விலக மெலிந்துவிடும். ஓரத்தில் எடுத்த அடர்த்தியை நடுக்கடலுக்கும் பெருக்கினால்தான் ஆபத்து. இனக்கலவையும் மாறும். ஆகையால் ஒவ்வொரு பட்டைக்கும் தனி வலை, அதுவும் குறிப்பிட்ட ஆழத்தில் திறந்து மூடும் வலை போட வேண்டும். திறந்தே இருக்கும் வலை இறங்கும்போதும் ஏறும்போதும் மேல்நீர் மீனையும் அள்ளிக்கொண்டு வரும். அப்புறம் எது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே 18, 70, 120 கிலோஹெர்ட்ஸ் மூன்றும் இருந்தால் குமிழி எது, மீன் எது என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

#8 காரல்பொடி

குறுக்கே ஒரு கேள்வி. விளக்குமீன் உடம்புல வர்ற இந்த வெளிச்சம் பாக்டீரியா வேலையா? நம்ம காரல் மீன்ல அப்படித்தான்னு படிச்சேன்.

#9 ஒளிக்கோடு

காரலில் பாக்டீரியாதான். உணவுக்குழாயைச் சுற்றியுள்ள ஒரு வளையத்தில் ஃபோட்டோபாக்டீரியம் லெயோக்னாதி குடியிருக்கும். அது இடைவிடாமல் எரியும். மீன் திரையை விலக்கி மறைத்துத்தான் கட்டுப்படுத்தும்.

விளக்குமீன் கதை வேறு. ஒவ்வொரு ஒளியுறுப்பும் ஒரு சின்னக் கிண்ணம். பின்புறம் கறுப்பு நிறமி, அதன்மேல் குவானின் படிகத்தால் ஆன கண்ணாடி, நடுவே ஒளி செய்யும் செல்கள், மேலே உருமாறிய செதில் ஒன்று வில்லையாக. எரிபொருள் கோலென்டரசின் என்ற வேதிப்பொருள், தின்னும் கோபிபாட் என்ற பொடி ஓட்டுயிர் போன்ற இரையிலிருந்து வருவது. நரம்பு ஆணையிட்டால் எரியும், இல்லையென்றால் அணையும். நிறம் நீலம், 470 நானோமீட்டர் சுற்றி.

வயிற்றோர வரிசையின் வேலை மறைப்பது. கீழிருந்து பார்க்கும் கணவாய்க்கு மேலே மங்கிய வானம் தெரியும், மீன் அதில் நிழலாக விழும். வானத்தின் அளவுக்கே வயிற்றை ஒளிரவிட்டால் நிழல் அழிந்துபோகும். இதற்கு இரண்டு நிபந்தனை: நிறம் ஒத்துப்போக வேண்டும், பிரகாசமும் நொடிக்கு நொடி ஒத்துப்போக வேண்டும். மேகம் மறைத்தாலே தப்பு நேரும். அதனால்தான் மீன் ஒரே வெளிச்சக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறது என்கிறேன். தன் விளக்கின் சக்திக்கு மேற்பட்ட வெளிச்சத்தில் போய் நின்றால் அந்த மறைப்பு உதவாது.

வாலடியில் இருப்பது வேறு விளக்கு. பெந்தோசீமாவில் ஆணுக்கு வால்காம்பின் மேற்புறம், பெண்ணுக்குக் கீழ்ப்புறம். இது பளிச்சென்று வெட்டி அணையும். துரத்துபவனைத் திகைக்கவைக்க என்பார்கள், துணைக்குச் சைகை என்பார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடம் மாறியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. மிக்டோஃபம் நிட்டிடுலம் என்ற உறவினத்தில் விழித்திரையின் மஞ்சள் வடிகட்டிகூட ஆண், பெண் இடையே வேறுபடுகிறது. எதிர்பாலின் மின்னலைப் பின்னணி வெளிச்சத்திலிருந்து பிரித்துப் பார்க்கவே கண் அப்படி அமைந்திருக்கிறது என்று ஆய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

#10 குளிர்ஜாடி

முதல் பதிவின் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. கொல்லம் சக்திகுளங்கரா போன்ற இறங்குதளங்களில் ஆழ்கடல் இறாலோடு வருவது பெரும்பாலும் டெரோட்டம் அல்ல. டயாஃபஸ் வகைகள், குறிப்பாக 17 சென்டிமீட்டர் வரை வளரும் டயாஃபஸ் வாட்டசே. அதோடு நியோஸ்கோபெலஸ். டெரோட்டம் இறால் வலையின் கண்ணில் வழுகிப் போய்விடும் அளவு சிறியது.

பிரித்துப் பார்க்கும் முறை. மீனைத் தட்டில் தண்ணீருக்குள் வைத்து 10 மடங்கு நுண்ணோக்கியில் பாருங்கள், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்துங்கள். காற்றில் வைத்தால் ஈரப் பளபளப்பு ஒளிப்புள்ளியைப் போலவே ஏமாற்றும். முதலில் வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள். நாக்கின் ஓரத்தில் ஒளிப்புள்ளிகள் இருந்தால் அது நியோஸ்கோபெலஸ். விளக்குமீன் குடும்பமே இல்லை, பக்கத்துக் குடும்பம். இல்லையென்றால் வால்காம்புக்குப் போங்கள். வால் துடுப்பின் அடியில் நிற்கும் புள்ளிகளை பி.ஆர்.சி. என்று குறிப்பார்கள். நான்கு இருந்தால் டயாஃபஸ் பக்கம். கண்ணுக்கு முன்னே முகத்தில் பெரிய விளக்கும் இருக்கும். இரண்டே இருந்து, அவற்றில் மேலுள்ளது பக்கக்கோட்டின் (உடலின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் உணர்கோடு) அருகே ஏறி நின்றால் பெந்தோசீமா. இரண்டும் தாழ்வாகவே நின்றால் மிக்டோஃபம்மைச் சந்தேகப்படுங்கள். இனம்வரை போக மூக்கருகே உள்ள விளக்கு, குதத்துக்கு மேலே உள்ள மூன்று புள்ளிகளின் வரிசை வளைவு, செவுள்முள் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

எங்கே தப்பு நடக்கிறது? மடிக்குள் உரசி உரசி மீன் மேலே வருவதற்குள் செதில் எல்லாம் போய்விடும். செதிலோடு ஒளியுறுப்பின் வில்லையும் போகும். "புள்ளி இல்லை" என்று எழுதுமுன் அந்த இடத்தில் கறுப்புக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழி இருந்தால் புள்ளி இருந்தது. ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கம் திருப்புங்கள். இரண்டும் தேய்ந்திருந்தால் அந்த மீனைப் பேரினத்தோடு நிறுத்திவிடுங்கள்.

#11 செவுள்வாசி

பெயர் வைத்த வரலாறு ஒரு வரி: 1890இல் ஆல்காக் விவரித்தார், இன்வெஸ்டிகேட்டர் கப்பல் பிடித்த மாதிரியிலிருந்து. அரபிக்கடல் மீன் என்று நாம் பேசினாலும் வங்காள விரிகுடாவிலும் இது உண்டு. கிழக்கே மேற்குப் பசிபிக் வரை போகிறது.

#12 மடிவலை

சரி, இவ்வளவு இருக்கே, ஏன் யாரும் பிடிக்கல? ஈரான்ல முயற்சி பண்ணினாங்கன்னு தெரியும். தென்னாப்பிரிக்காவுல லாம்பனிக்டோடெஸ் ஹெக்டோரிஸ் 1973ல 42,000 டன்னுக்கு மேல வந்துச்சு. அப்புறம் 1980கள் நடுவுல நின்னு போச்சு. நின்னதுக்குக் காரணம் மீன் இல்லாம போனது இல்ல, எண்ணெய். கொழுப்பு அதிகமான மீன ஆலைக்குள்ள விட்டா சமைக்கிற இடத்துல கூழாகிடும், பிழியிற இடத்துல திடமும் தண்ணியும் பிரியாது, வண்டி நின்னுடும்.

டெரோட்டத்துக்கு வேற சிக்கல். இரவுல மேல பரந்து கிடக்கும், வலைக்கு லாயக்கில்ல. பகல்ல பட்டை கட்டி நிக்கும்போதுதான் இழுக்கணும். பட்டைக்கு நேரா வலைய நிறுத்தணும்னா வலைவாயில ஆழமானி வேணும், இல்லன்னா 20 மீட்டர் மேலயோ கீழயோ சும்மா இழுத்துட்டு வரவேண்டியதுதான். மடியில கண் 10 மில்லிமீட்டருக்குக் கீழ வைக்கணும். சின்னக் கண்ணு தண்ணிய விடாது, இழுவை கூடும், டீசல் தின்னும், வேகமும் குறையும், வேகம் குறைஞ்சா மீன் ஒதுங்கிடும். முன்பக்கப் பெரிய கண்ணுலயே தப்பிச்சது போக, பாதி மீன் கண்ணுல தலைய மாட்டிக்கும். உதறி எடுக்கறதே ஒரு நாள் வேலை.

மேல வந்த பிறகு அடுத்த கெடு. இது தின்னது கோபிபாட். வயித்துல செரிமான நொதி முழு வேகத்துல இருக்கும். 30 டிகிரி வெயில்ல ஓரிரு மணி நேரத்துல வயிறு வெடிக்கும். ஐஸ் கட்டி போட்டு அடுக்கினா மீனே நசுங்கிடும். குளிர்விச்ச கடல்தண்ணித் தொட்டிதான் ஒரே வழி, அதுக்குப் பெரிய கப்பல் வேணும். கடைசியில கிடைக்கிறது மீன்தூள். ஒரு டன் தூளுக்கு நாலரை, அஞ்சு டன் மீன், அதாவது 50 லட்சம் மீன். தூள் விலையில டீசலுக்கே கட்டாது.

#13 காரல்பொடி

அப்படியே சமைச்சுச் சாப்பிட்டா? நெத்திலி அளவுதானே.

#14 செவுள்வாசி

எல்லா விளக்குமீனையும் நெத்திலி மாதிரி நினைக்காதீர்கள். சில இனங்களின் கொழுப்பு நம் உடல் செரிக்கும் கிளிசரைடு. ஆனால் பசிபிக்கின் ஸ்டெனோப்ராக்கியஸ் லூகாப்சரஸ் போன்றவற்றில் பெரும்பகுதி மெழுகு எஸ்டர். அது நமக்குச் செரிக்காது. எண்ணெயாகவே வெளியேறும், பேதியும் ஆகும். கழிசலில் இனம் கலந்து வருவதால் இனம் பிரித்துக் கொழுப்பைச் சோதிக்காமல் சட்டியில் போடுவது சரியல்ல.

#15 செவிக்கல்

மடிவலை விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். ஆயுள். டெரோட்டம் ஒரு வருடம்கூட வாழ்வதில்லை. 3, 3.5 சென்டிமீட்டரில் முட்டையிடத் தயாராகிவிடும். இனப்பெருக்கம் வருடம் முழுக்க உண்டு, பருவக்காற்று மாறும் இடைக்காலங்களில் உச்சம். முட்டை சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம்தான். ஒரே ஈட்டில் கொட்டிவிடாமல் பல தவணையாக விடும். குளிர்க்கடல் கிளேசியேல் எட்டு வருடம் வரை வாழும். பேரினம் ஒன்று, வாழ்க்கை இரண்டு.

"சீக்கிரம் பெருகும், தாராளமாகப் பிடிக்கலாம்" என்பவர்கள் இதை அரைகுறையாகப் படிக்கிறார்கள். பல வயது மீன் கலந்திருக்கும் கூட்டம் ஒரு கெட்ட வருடத்தைத் தாண்டும். இங்கே இருப்பது ஒரே வயது. ஒரு பருவத்தில் குஞ்சு பிழைக்காவிட்டால் அடுத்த வருடம் பிடிக்க மூத்த மீன் கிடையாது. நேற்றைய எக்கோ கணக்கை வைத்து நாளைய ஒதுக்கீடு போட முடியாத மீன் இது.

வயது பார்ப்பது செவிக்கல்லில், அதாவது மீனின் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லில். ஆண்டு வளையம் தேடாதீர்கள், நாள் வளையம்தான். செவிக்கல்லை எடுத்துச் சவ்வு நீக்கிக் காயவைத்து, கண்ணாடித் தகட்டில் சூடாக்கி உருகும் பிசினில் பதித்து, 9, 3, 1 மைக்ரான் தாள்களில் வரிசையாகத் தேய்க்க வேண்டும். மையம் தெரிந்ததும் நிறுத்துங்கள். இன்னும் நான்கு தேய்ப்பில் மையமே போய்விடும். ஒரே நாளுக்குள் விழும் உள்நாள் வளையங்களையும் சேர்த்து எண்ணினால் வயது இரட்டிப்பாகும். குவியத்தை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால் நாள் வளையம் கூர்மையாக நிற்கும், உள்வளையம் கலைந்துவிடும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுங்கள்.

#16 நீலத்திரை

எல்லாருக்கும் நன்றி. எண்ணைவிட எண்ணுக்குப் பின்னால் இருப்பது சுவையாக இருக்கிறது. ஒரு நடைமுறைச் சந்தேகம்: ஃபார்மலினில் இரண்டு மாதம் இருந்த மீன்களில் செவிக்கல்லே இல்லை என்கிறார்கள். பிடிக்கும்போது விழுந்துவிடுமா?

#17 குளிர்ஜாடி

விழவில்லை, கரைந்துவிட்டது. ஃபார்மலின் நாள்பட ஃபார்மிக் அமிலமாக மாறும். செவிக்கல் சுண்ணாம்பு. மூலக் குப்பியின் அடியில் போராக்ஸ் கரையாமல் படியும் அளவுக்குப் போட்டு வையுங்கள். பயன்படுத்தும்போது அதில் ஒரு பங்கு, கடல்தண்ணீர் ஒன்பது பங்கு. நாலு சென்டிமீட்டர் மீனுக்கு நான்கைந்து நாள் போதும். நல்ல தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். போராக்ஸ் போட்டாலும் நீண்ட நாள் விட்டால் மெல்லிய கல் அரிக்கும். அதனால் வயதுக்கும் மரபணுவுக்கும் தனியாகச் சில மீனை எடுத்து நேராக உறையவையுங்கள், அல்லது 95 சதவீத எத்தனாலில், மீன் ஒரு பங்கு, திரவம் ஐந்து பங்குக்குக் குறையாமல். மறுநாள் அந்த எத்தனாலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மீனின் தண்ணீர் வெளியேறி முதல் ஊற்று நீர்த்திருக்கும். நீளத்தை ஜாடியில் போடுமுன்னே அளந்துவிடுங்கள். எத்தனாலில் மீன் சுருங்கும். சீட்டைப் பென்சிலால் எழுதி ஜாடிக்கு உள்ளேயே போடுங்கள், பேனா மை எத்தனாலில் நிற்காது.